பெட்டிக்கடைக்கு 'சீல்'... பேக்டரிக்கு என்ன? குட்கா தடையில் ஓட்டை எங்கே? - ஒரு அலசல்

சென்னை:

"தடை செய்யப்பட்ட குட்கா விற்ற பெட்டிக்கடைக்கு சீல். கடைக்காரருக்கு ரூ.25 ஆயிரம் அபராதம்."

தமிழ்நாட்டில் எந்த ஊர் செய்தியைப் புரட்டினாலும் இப்படி ஒன்று கண்ணில் படும். கீழே ஒரு போட்டோ. மேஜை மேல் பாக்கெட்டுகள் அடுக்கி இருக்கும். பின்னால் அதிகாரிகள் நிற்பார்கள். ஓரத்தில் கடைக்காரர் தலையைக் குனிந்தபடி நிற்பார்.

அடுத்த வாரம் வேறு தெரு, வேறு கடை. போட்டோ மட்டும் அதே போட்டோ மாதிரி இருக்கும்.

குட்காவுக்கு தமிழ்நாட்டில் தடை வந்தது 2013-ல். பத்து வருஷத்துக்கு மேல் ஆகி விட்டது. ஆனாலும் பஸ் ஸ்டாண்டு, மார்க்கெட், கட்டிட வேலை நடக்கும் இடம் என்று எங்கே போனாலும், கேட்கிற விதத்தில் கேட்டால் பொட்டலம் கைக்கு வருகிறது. விலைதான் பல மடங்கு ஏறி இருக்கு.

சட்டம் இருக்கு. ரெய்டு இருக்கு. அபராதம் இருக்கு. பிறகு ஏன் ஒழியவில்லை? தடையே வேண்டாம் என்று சொல்பவர்கள் ஒரு பக்கம். இன்னும் கடுமையாக்க வேண்டும் என்பவர்கள் இன்னொரு பக்கம். இந்த சண்டையில் உண்மையில் யார் மாட்டுகிறார்கள், யார் தப்புகிறார்கள் என்று பார்ப்போம்.

முதல் தடை 2001-ல்

குட்கா தடை என்றதும் பலருக்கு 2013-தான் ஞாபகம் வரும். ஆனால் அதற்கு முன்பே ஒரு தடை வந்து, கோர்ட்டில் விழுந்து போன கதை இருக்கு.

2001-ம் ஆண்டு நவம்பரில் தமிழக அரசு குட்கா, பான் மசாலா போன்றவற்றுக்கு 5 ஆண்டு தடை விதித்தது. அப்போது கையில் இருந்தது 1954-ம் ஆண்டு உணவு கலப்பட தடுப்பு சட்டம். மராட்டியம், ஆந்திரா, கோவா ஆகிய மாநிலங்களும் இதே வழியில் தடை போட்டன.

கம்பெனிகள் சும்மா இருக்குமா? கோர்ட்டுக்கு போனார்கள். வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை சென்றது. 2004 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. "அந்த சட்டத்தின் கீழ் இப்படி ஒரு தடையைப் போட மாநில அதிகாரிக்கு அதிகாரம் இல்லை. மத்திய அரசுக்குத்தான் உண்டு" என்பதுதான் தீர்ப்பின் சாரம். தடை காலி ஆனது.

குட்கா நல்லது என்று கோர்ட்டு சொல்லவில்லை. தடை போட்ட கை சரியான கை இல்லை என்றுதான் சொன்னது. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக் கொள்ளுங்கள். பின்னால் மீண்டும் வரும்.

2013-ல் மறுபடியும்

பழைய கலப்பட சட்டத்துக்குப் பதிலாக 2006-ல் உணவு பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய சட்டம் வந்தது. நடைமுறைக்கு வந்தது 2011 ஆகஸ்டு 5-ந் தேதி. அதன் கீழ் வந்த விதியில் ஒரு வரி இருக்கு. எந்த உணவுப் பொருளிலும் புகையிலையோ நிகோடினோ சேர்க்கக்கூடாது என்பதுதான் அது.

மாநிலங்களுக்கு இது போதுமானதாக இருந்தது. குட்காவை வாயில் போட்டு மெல்கிறார்கள். அதனால் அது உணவுப் பொருள். உணவுப் பொருளில் புகையிலை கூடாது. அதனால் குட்கா கூடாது. 2012-ல் மத்திய பிரதேசம் முதலில் தடை போட்டது. மற்ற மாநிலங்கள் பின்னால் வந்தன. தமிழ்நாட்டில் 2013 மே மாதம் அப்போதைய முதல்-அமைச்சர் ஜெயலலிதா சட்டசபையில் அறிவித்தார். மே 23-ந் தேதி தடை உத்தரவு வந்தது.

சிகரெட், பீடிக்கு ஏன் தடை இல்லை என்று டீக்கடையில் கேட்காத ஆள் கிடையாது. இதற்கும் காரணம் இதே சட்டம்தான். புகை உணவுக் கணக்கில் வராது. சிகரெட்டுக்கு 2003-ம் ஆண்டு வந்த தனி புகையிலை சட்டம் இருக்கு. அது பொது இடத்தில் பிடிக்காதே, 18 வயதுக்கு உள்பட்டவருக்கு விற்காதே, பள்ளிக்கூடம், கல்லூரியில் இருந்து 100 கஜத்துக்குள் (சுமார் 91 மீட்டர்) விற்காதே என்று கட்டுப்படுத்துகிறது. விற்கவே கூடாது என்று சொல்லவில்லை.

2008 அக்டோபர் 2-ந் தேதி, காந்தி ஜெயந்தி அன்று, பொது இடத்தில் புகைப்பதற்கான தடை நாடு முழுக்க கறாராக அமலுக்கு வந்தது. அப்போது மத்திய சுகாதார மந்திரியாக இருந்தவர் டாக்டர் அன்புமணி. மீறினால் ரூ.200 வரை அபராதம்.

அந்த பாக்கெட்டில் என்னதான் இருக்கு?

கொட்டைப்பாக்கு, புகையிலை, சுண்ணாம்பு, வாசனைப் பொருள். குட்கா என்றால் இவ்வளவுதான். சென்னையில் ஓடுகிற 'மாவா'வும் இதே குடும்பம்தான். பாக்கையும் புகையிலையையும் சுண்ணாம்பு சேர்த்து அரைத்து, பொட்டலம் கட்டி விற்கிறார்கள்.

பாட்டி காலத்தில் இருந்து வெற்றிலை, பாக்கு, புகையிலை போட்டவங்கதானே நம்ம ஊர்க்காரங்க, அவங்களுக்கு என்ன ஆச்சு என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களிலும் வாய்ப் புற்றுநோய் வந்து போனவர்கள் நிறைய பேர். ஊரில் 'வாயில புண்ணு வந்து போயிட்டாரு' என்று சொல்லி முடித்து விடுவார்கள்.

உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி பிரிவு, மெல்லும் புகையிலையை மனிதருக்கு புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று முதல் பட்டியலில் வைத்திருக்கிறது. 2004-ல் வெளியிட்ட அறிக்கையில் வெறும் கொட்டைப்பாக்கையும் அதே பட்டியலில் சேர்த்து விட்டது. அதாவது 'புகையிலை இல்லாத பான் மசாலா' என்று எழுதி இருந்தாலும் பயம் இல்லாமல் போடலாம் என்று அர்த்தம் இல்லை.

பாக்கு வாயின் உள்சதையை கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கும். காரம் பட்டால் எரியும். பிறகு வாய் திறப்பது குறையும். சோற்று உருண்டை உள்ளே போக கஷ்டப்படும். இறுகிய சதை பழையபடி இளகாது. புகையிலையோ ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவில் எந்த இடத்தில் அதக்கி வைக்கிறார்களோ, பெரும்பாலும் அந்த இடத்திலேயே புண்ணாகும். அதில் கட்டியும் வரலாம்.

சுண்ணாம்புக்கும் ஒரு வேலை இருக்கு. நிகோடின் வாய்ச்சதை வழியாக சீக்கிரம் ரத்தத்தில் ஏற அது வழி செய்கிறது. அதனால்தான் போட்ட சில நிமிஷத்தில் 'கிக்' வருகிறது. பசி மந்தமாகும். தூக்கம் கலையும். லோடுமேன், லாரி டிரைவர், சித்தாள், கொத்தனார், இரவு வாட்ச்மேன் என்று உடம்பால் உழைக்கிறவர்களிடம் இது ஒட்டிக் கொள்வதற்கு காரணம் இதுதான். மதியச் சாப்பாட்டை தள்ளிப் போடவும், இன்னொரு லோடு ஏற்றவும் ஒரு பொட்டலம் உதவுகிறது. அதற்கான பில் பத்து, பதினைந்து வருஷம் கழித்து வருகிறது.

சட்டசபைக்கே வந்த பாக்கெட்

தடை போட்ட பிறகு என்ன நடந்தது? இதுதான் கதையின் கசப்பான பகுதி.

2016 ஜூலையில் சென்னையில் ஒரு குட்கா தயாரிப்பாளரின் இடங்களில் வருமான வரித்துறை சோதனை நடத்தியது. அதில் சிக்கிய டைரியில், யார் யாருக்கு எவ்வளவு பணம் கொடுக்கப்பட்டது என்ற குறிப்புகள் இருந்ததாக தகவல் வெளியானது. தடை செய்த பொருளை விற்க விடுவதற்கு மேல்மட்டத்துக்கு லஞ்சம் போனது என்பதுதான் குற்றச்சாட்டு.

2017 ஜூலை 19-ந் தேதி, அப்போது எதிர்க்கட்சி தலைவராக இருந்த மு.க.ஸ்டாலினும் தி.மு.க. எம்.எல்.ஏ.க்களும் குட்கா பாக்கெட்டுகளை சட்டசபைக்கே எடுத்து வந்து காட்டினார்கள். 'தடை செய்த பொருள் தாராளமாக கிடைக்கிறது' என்று காட்டத்தான் அப்படிச் செய்தார்கள். ஆனால் அவர்கள் மீதே உரிமை மீறல் நோட்டீஸ் பாய்ந்தது. அது ஐகோர்ட்டு வரை போய் பிறகு ரத்தானது.

2018 ஏப்ரலில் குட்கா ஊழல் வழக்கை சி.பி.ஐ. விசாரிக்க சென்னை ஐகோர்ட்டு உத்தரவிட்டது. செப்டம்பர் 5-ந் தேதி அப்போதைய அமைச்சர், டி.ஜி.பி. ஆகியோரின் வீடுகள் உள்பட பல இடங்களில் சி.பி.ஐ. சோதனை நடத்தியது. குற்றச்சாட்டை அவர்கள் மறுத்தார்கள்.

யார் குற்றவாளி என்று கோர்ட்டுதான் சொல்ல வேண்டும். ஆனால் ஒரு விஷயம் சாதாரண ஜனங்களுக்கும் புரிந்தது. மூலைக்கடையில் பத்து பாக்கெட் வைத்திருப்பவர் ஒரே நாளில் மாட்டுகிறார். மூட்டை மூட்டையாக தயாரித்தவர் விவகாரம் டைரி கிடைத்த பிறகுதான் வெளியே வருகிறது.

2023-ல் மீண்டும் கோர்ட்டு

இந்த தடைக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. உணவு பாதுகாப்பு சட்டப்படி உணவு பாதுகாப்பு கமிஷனர் ஒரு பொருளுக்கு அதிகபட்சம் ஒரு வருஷம்தான் தடை போட முடியும். அதனால் ஒவ்வொரு வருஷமும் மே மாதம் வந்தால் தடையை புதுப்பிக்க வேண்டும். தமிழ்நாட்டில் அப்படித்தான் புதுப்பித்து வந்தார்கள்.

இதை எதிர்த்து போட்ட வழக்கில், 2023 ஜனவரியில் சென்னை ஐகோர்ட்டு தடை உத்தரவை ரத்து செய்தது. "அவசர நிலைக்காக கொடுத்த ஒரு வருஷ அதிகாரத்தை, வருஷா வருஷம் நீட்டித்து நிரந்தர தடையாக மாற்ற முடியாது" என்பது அந்த தீர்ப்பின் கருத்து. 2004-ல் சுப்ரீம் கோர்ட்டு கேட்ட அதே மாதிரி கேள்விதான். பொருள் கெட்டதா, நல்லதா என்பது இல்லை. தடை போட்டவருக்கு அந்த அதிகாரம் இருக்கா என்பதுதான்.

தமிழக அரசு சுப்ரீம் கோர்ட்டுக்கு போனது. 2023 ஏப்ரல் 25-ந் தேதி ஐகோர்ட்டு தீர்ப்புக்கு சுப்ரீம் கோர்ட்டு இடைக்கால தடை விதித்தது. உடனே மே மாதம் புதிய தடை உத்தரவு வந்தது. 2024-லும் நீட்டித்தார்கள்.

இதே விஷயத்தில் டெல்லியில் நேர் எதிராக நடந்தது. அங்கே தனி நீதிபதி ரத்து செய்த தடையை, 2023 ஏப்ரலில் டெல்லி ஐகோர்ட்டின் இரு நீதிபதிகள் அமர்வு மீண்டும் செல்லும் என்று சொன்னது. ஒரே சட்டம். ஒரே பொருள். இரண்டு ஐகோர்ட்டில் இரண்டு பதில்!

பாக்கு தனி, புகையிலை தனி!

சட்டத்தில் சந்து கிடைத்தால் வியாபாரி விடுவாரா? 'குட்கா' என்று கலந்து விற்றால்தானே தடை? பான் மசாலாவை ஒரு பாக்கெட்டிலும், புகையிலையை இன்னொரு குட்டி பாக்கெட்டிலும் போட்டு விற்றார்கள். வாங்குகிறவர் இரண்டையும் பிரித்து வாயில் போட்டால் வாயே குட்கா பேக்டரி ஆகி விடும்!

2016 செப்டம்பரில் இந்த தந்திரத்தைப் பற்றி சுப்ரீம் கோர்ட்டுக்கு தெரிவிக்கப்பட்டது. தடையை முழுசாக அமல்படுத்த வேண்டும் என்று மாநிலங்களுக்கு கோர்ட்டு அறிவுறுத்தியது. ஆனால் ஒவ்வொரு மாநிலத்திலும் ஒவ்வொரு கதை.

தமிழ்நாட்டு போலீசார் சரக்கு பிடிக்கும் செய்திகளைப் பாருங்கள். பெரும்பாலும் ஓசூர் வழி, பெங்களூருவில் இருந்து. லாரியில் வெங்காய மூட்டைக்கு அடியில் வரும். காரில் சீட்டுக்கு அடியில் வரும். பஸ் பார்சலிலும் வரும். கர்நாடகத்திலும் 2013-ல் குட்காவுக்கு தடை வந்தது. ஆனால் இந்த 'தனித்தனி பாக்கெட்' வியாபாரம் நின்றபாடில்லை. பக்கத்து மாநிலத்தில் கடையில் தொங்குகிற சரக்கு, எல்லையைத் தாண்டினால் கடத்தல் சரக்கு ஆகி விடுகிறது. எல்லையைத் தாண்டியதும் விலையும் ஏறுகிறது. லாபம் ஏறினால் கடத்துகிறவனுக்கு தைரியமும் ஏறும்.

நாலு பேர், நாலு நியாயம்

இந்த விவகாரத்தில் நாலு தரப்பு பேசுவதையும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

கம்பெனிக்காரர்கள் சொல்வது: புகையிலைக்கு 2003-ம் ஆண்டு தனி சட்டம் இருக்கு. அது கட்டுப்படுத்தத்தான் சொல்கிறது. தடை செய்யச் சொல்லவில்லை. சிகரெட்டை விற்க விட்டு மெல்லும் புகையிலைக்கு மட்டும் தடை போடுவது பாரபட்சம்.

பெட்டிக்கடைக்காரர்கள் கேட்பது: நாங்களா தயாரிக்கிறோம்? சரக்கு வரும் வழியை அடைத்து விட்டால் நாங்க ஏன் விற்கப் போறோம்? தயாரிக்கிற இடத்தில் தடுக்காமல் விற்கிற இடத்தில் மட்டும் பிடித்தால் என்ன நியாயம்? வணிகர் சங்கங்களும் இதைத்தான் தொடர்ந்து சொல்லி வருகின்றன.

தொழிலாளி கேட்பது: அரசே டாஸ்மாக்கில் சரக்கு விற்கலாம், நான் ஒரு பொட்டலம் ஹான்ஸ் போடக் கூடாதா?

டாக்டர்கள் சொல்வது: இன்னொரு தப்பு நடக்கிறது என்பதற்காக இந்த தப்பை விட முடியாது. கடையில் தொங்காமல் இருந்தாலே புதுசாகப் பழகுகிற பையன்கள் குறைவார்கள்.

இதில் கம்பெனிக்காரர்களின் வாதம் பலவீனமானது. சிகரெட் விற்கிறது என்பது குட்காவை விற்க காரணம் ஆகாது. டாஸ்மாக் கேள்வி நியாயமான கேள்விதான். 2003 நவம்பரில் சில்லரை மது விற்பனையை அரசே கையில் எடுத்ததில் இருந்து அந்தக் கேள்விக்கு எந்த ஆட்சியும் நேராக பதில் சொன்னது இல்லை. ஆனால் அந்தக் கேள்வியால் தொழிலாளியின் வாய்ப்புண் ஆறப் போவதும் இல்லை.

டாக்டர் சொல்வதும் கடைக்காரர் சொல்வதும் ஒன்றுக்கு ஒன்று எதிர் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. தடை வேண்டும் என்கிறார் டாக்டர். தடையை மேலே இருந்து தொடங்கு என்கிறார் கடைக்காரர். இரண்டையும் சேர்த்தால்தான் உருப்படியான தடை.

200 ரூபாயா? 7 வருஷமா?

கடைக்காரருக்கு என்ன தண்டனை என்று பார்த்தால் தலை சுற்றும்.

சமீப ஆண்டுகளில் தமிழ்நாட்டில் அமலான கணக்கு இது. முதல் தடவை பிடிபட்டால் ரூ.25 ஆயிரம் அபராதம், 15 நாள் கடை மூடல். இரண்டாம் தடவை ரூ.50 ஆயிரம், 30 நாள். மூன்றாம் தடவை ரூ.1 லட்சம், 90 நாள்.

பள்ளிக்கூடத்தில் இருந்து 100 கஜத்துக்குள் புகையிலை விற்றால் 2003-ம் ஆண்டு சட்டப்படி அபராதம் ரூ.200 வரைதான். ஆனால் அதே பாக்கெட்டை ஒரு சிறுவன் கையில் கொடுத்தால், 2015-ம் ஆண்டு சிறார் நீதி சட்டப்படி 7 வருஷம் வரை கடுங்காவல், ரூ.1 லட்சம் வரை அபராதம்.

200 ரூபாயில் தொடங்கி 7 வருஷம் வரை. எந்த சட்டத்தில் வழக்கு போடுவது என்பது பிடிக்கிற அதிகாரியின் கையில். கை நீளுவதற்கு இடம் கொடுப்பதே இந்த இடைவெளிதான்.

15 நாள் கடை மூடினால் பெட்டிக்கடைக்காரர் வீட்டில் அடுப்பு எரியாது. வட்டிக்கு வாங்கி அபராதம் கட்டுவார். அந்த வட்டியை அடைக்க மறுபடியும் அதிக லாபம் தரும் அதே பொட்டலத்தை விற்பார். விற்றது தப்புதான். பள்ளிக்கூடப் பிள்ளைக்கு விற்றவர் மேல் இரக்கம் காட்டத் தேவையே இல்லை. ஆனால் அவருக்கு சரக்கு போட்டவன் யார் என்று கேட்காமல் சீல் மட்டும் வைத்து விட்டுப் போவதால் என்ன பயன்?

உணவு பாதுகாப்பு சட்டத்தில் சில்லரை வியாபாரிக்கு மட்டும் பொறுப்பு என்று எழுதவில்லை. தயாரிப்பவர், பேக் செய்பவர், மொத்த வியாபாரி, வினியோகஸ்தர் எல்லோருக்கும் பொறுப்பு உண்டு என்று தெளிவாக இருக்கு. சட்டம் மேல் வரை போகிறது. அமல்தான் கடைசிப் படியிலேயே நின்று விடுகிறது.

வரிக்கு என்றால் எந்திரம் வரை எண்ணுகிறார்கள்!

'தயாரிக்கிற இடத்தை கண்டுபிடிப்பது கஷ்டம்' என்று சொல்வார்கள். கஷ்டமா? கொஞ்சம் வரிக் கணக்கைப் பார்ப்போம்.

பான் மசாலா, குட்கா கம்பெனிகள் எத்தனை பாக்கெட் தயாரித்தோம் என்று பொய்க்கணக்கு காட்டுவதாக புகார் வந்ததால், 2008-லேயே மத்திய அரசு ஒரு வழி கண்டுபிடித்தது. பாக்கெட்டை எண்ண வேண்டாம், பேக்கிங் எந்திரத்தை எண்ணு. எத்தனை எந்திரம் இருக்கோ அதற்குத் தகுந்த மாதிரி கலால் வரி.

ஜி.எஸ்.டி. வந்த பிறகு, 2024-ல் இந்தத் தொழிலில் உள்ள ஒவ்வொரு பேக்கிங் எந்திரத்தையும் பதிவு செய்ய வேண்டும் என்றார்கள். பதிவு செய்யாத ஒவ்வொரு எந்திரத்துக்கும் ரூ.1 லட்சம் அபராதம்.

2025 டிசம்பரில் பாராளுமன்றம் பான் மசாலா தயாரிப்புக்கு ஒரு புதிய 'செஸ்' சட்டத்தை நிறைவேற்றியது. அதிலும் எந்திரத்தின் திறனைப் பார்த்துத்தான் கணக்கு.

ஆக, வரி வசூலிக்க வேண்டும் என்றால் எந்த ஊரில் எந்த கொட்டகையில் எத்தனை எந்திரம் ஓடுகிறது என்று அரசாங்கத்தால் எண்ண முடிகிறது. அந்த எந்திரத்தில் இருந்து வந்த பாக்கெட் தடை செய்த மாநிலத்துக்குள் எப்படி வந்தது என்று மட்டும் கேட்க முடியாதா? பிடிபடும் பல பாக்கெட்டுகளில் கம்பெனி பெயரும் பேட்ச் நம்பரும் அச்சடித்தே இருக்கு. அதை வைத்து பின்னோக்கிப் போனால் டீலர், லாரி, குடோன், பேக்டரி என்று வரிசையாக வரும்.

ஒரு கையால் தடை. இன்னொரு கையால் வரி. இந்த இரண்டு கையும் ஒன்றை ஒன்று பார்க்காத வரைக்கும் மாட்டுவது பெட்டிக்கடைக்காரர்தான்.

தடை போட்டும் குறையவில்லையே?

மத்திய அரசு நடத்திய புகையிலை சர்வே ஒன்று உண்டு. 2009-10-ல் ஒரு தடவை, 2016-17-ல் ஒரு தடவை எடுத்தார்கள்.

நாடு முழுக்க பெரியவர்களில் புகையிலை பழக்கம் உள்ளவர்கள் 34.6 சதவீதத்தில் இருந்து 28.6 சதவீதமாக குறைந்தார்கள். ஆனால் தமிழ்நாட்டில் 16.2 சதவீதத்தில் இருந்து 20 சதவீதமாக ஏறியது. இதில் சிகரெட், பீடி எல்லாம் சேர்த்திதான். அப்போதும் தமிழ்நாடு மற்ற மாநிலங்கள் பலவற்றை விட கீழேதான் இருக்கு. ஆனாலும் இந்த இரண்டு சர்வேக்கும் இடையில் தடை வந்தும் மொத்தப் பழக்கம் குறையாமல் ஏறி இருக்கு என்பது யோசிக்க வேண்டிய விஷயம்.

இதை வைத்து தடை தோற்று விட்டது, எடுத்து விடுங்கள் என்று சொல்லக்கூடாது. தடை இல்லாவிட்டால் எவ்வளவு ஏறி இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? கடை வாசலில் சரம் சரமாக தொங்கிய பாக்கெட் இன்று ஒளிந்து கிடக்கிறது. அது லாபம்தான். ஆனால் தடை மட்டும் போதாது என்பதும் இதில் தெரிகிறது.

பழக்கத்தில் விழுந்தவருக்கு கை கொடுக்க ஆள் இல்லை என்றால் அவர் தடை செய்த பொருளைத் தேடிப் போகத்தான் செய்வார். ரெய்டுக்கு காட்டும் வேகத்தில் பாதியை, பழக்கத்தை விட உதவுவதில் காட்டி இருக்கிறோமா?

என்ன செய்யலாம்?

ஒன்று, வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கும் உத்தரவை நம்பி இருக்காமல் சட்டசபையிலேயே தனி சட்டம் கொண்டு வரலாம். பொது சுகாதாரம் மாநிலப் பட்டியலில் உள்ள விஷயம். 1939-லேயே பொது சுகாதார சட்டம் போட்ட மாகாணம் நம்முடையது. 2022 அக்டோபரில் ஹூக்கா பார்களை தடை செய்ய சட்டசபையில் மசோதா நிறைவேற்றி, ஜனாதிபதி ஒப்புதலும் வாங்கினார்கள். ஹூக்காவுக்கு முடிந்தது குட்காவுக்கு முடியாதா?

இரண்டு, ஒவ்வொரு கடை சீல் வைப்பிலும் சரக்கு கொடுத்தது யார் என்பதை எழுதியே ஆக வேண்டும் என்று வைக்கலாம். மாசம் எத்தனை பெட்டிக்கடை மூடினோம் என்று கணக்கு சொல்கிற மாதிரி, எத்தனை குடோன், எத்தனை டீலர், எத்தனை தயாரிப்பாளர் மேல் வழக்கு, எத்தனை பேருக்கு தண்டனை என்றும் ஜனங்களுக்கு சொல்ல வேண்டும்.

மூன்று, தென் மாநிலங்கள் உட்கார்ந்து பேசி 'தனித்தனி பாக்கெட்' சந்தை ஒரே நேரத்தில் அடைக்க வேண்டும். ஒரு மாநிலம் கதவை பூட்டி, பக்கத்து மாநிலம் ஜன்னலை திறந்து வைத்தால் பூட்டியும் பயன் இல்லை.

நான்கு, கட்டிட வேலை நடக்கும் இடம், லாரி ஸ்டாண்டு, மார்க்கெட் போன்ற இடங்களுக்கே போய் வாய் பரிசோதனை முகாம் நடத்த வேண்டும். ஒரு நாள் கூலியை விட்டு விட்டு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க யாராலும் முடியாது.

விட நினைக்கிறீர்களா?

இந்தச் செய்தியைப் படிக்கிற சிலர் பையிலும் ஒரு பொட்டலம் இருக்கலாம். உங்களுக்குத்தான் இது.

கண்ணாடி முன் நின்று வாயைத் திறந்து பாருங்கள். உங்கள் கையின் மூன்று விரலை ஒன்றன் மேல் ஒன்றாக நிறுத்தி வாய்க்குள் நுழைகிறதா பாருங்கள். நுழையவில்லை என்றால் அலட்சியம் வேண்டாம். வாயில் வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு, இரண்டு, மூன்று வாரம் ஆகியும் ஆறாத புண், காரம் பட்டால் தாங்க முடியாத எரிச்சல், கழுத்தில் கட்டி - இதில் எது இருந்தாலும் அரசு ஆஸ்பத்திரி பல் டாக்டரிடம் காட்டுங்கள். ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் பிழைக்கும் வாய்ப்பு அதிகம்.

புகையிலையை விட உதவும் தேசிய இலவச தொலைபேசி எண் 1800-11-2356. பாக்கெட்டுகளிலேயே இந்த நம்பரை அச்சடிக்க வேண்டும் என்று 2018-ல் இருந்து விதி இருக்கு. புற்றுநோய் என்று தெரிய வந்தாலும் பயந்து போய் வீட்டில் உட்காராதீர்கள். முதல்-அமைச்சரின் மருத்துவ காப்பீட்டு திட்டத்தில் புற்றுநோய் சிகிச்சையும் அடங்கும். அட்டை இல்லாதவர்கள் முதலில் அதை வாங்கி வையுங்கள்.

விட்ட முதல் சில நாட்கள் எரிச்சல் வரும், தலை வலிக்கும், கை தானாக பையைத் தேடும். சில வாரம் தாண்டி விட்டால் அடங்கி விடும். வேலை இடத்தில் கூட இருக்கிற நாலு பேர் சேர்ந்து விட்டால் இன்னும் சுலபம்.

சீல் வைப்பது சுலபம். ஒரு பூட்டு, ஒரு நோட்டீஸ் போதும். ஆனால் தடை ஜெயித்ததா என்று சொல்ல வேண்டியது மூடிக் கிடக்கும் பெட்டிக்கடைகளின் எண்ணிக்கை இல்லை. வாய் திறக்க முடியாமல் அரசு ஆஸ்பத்திரிக்கு வருகிற கொத்தனார், லோடுமேன், டிரைவர் எண்ணிக்கை குறைகிறதா என்பதுதான். அது குறைய வேண்டும் என்றால் அடுத்த ரெய்டு மூலைக்கடையோடு முடியக் கூடாது. அங்கே பிடித்த பாக்கெட்டை கையில் எடுத்துக் கொண்டு, அது கிளம்பிய எந்திரம் வரைக்கும் போக வேண்டும்.